ஒரு விரல் இடைவெளி

பெரிய டயர் போட்டால் வண்டிக்கு ஒரு கம்பீரம் வரத்தான் செய்யும். அதை நான் மறுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக டயர் கடையில் ஃபிட்டராக இருக்கிறேன். கம்பெனி டயரோடு திருப்திப்பட்ட பிக்கப்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வண்டி எடுத்து ஒரு மாதம் ஆகியிருக்காது, வந்து நிற்பார்கள். "இன்னும் கொஞ்சம் பெருசா ஏதாவது இருக்கா?" என்பார்கள். இருக்கிறது என்பேன். கூடவே அதில் வருகிற சிக்கல்களையும் சொல்லிவிடுவேன். ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டும். இழுவை மந்தமாகும். பிரேக் பிடித்தால் நிற்க முன்பைவிடத் தூரம் எடுக்கும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் எங்கேயாவது உரசும். எங்கே உரசுகிறது என்று பார்த்துச் சரிசெய்யாமல் நான் எந்த வண்டியையும் வெளியே விட்டதில்லை. ஒரே ஒரு வண்டியைத் தவிர. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தண்ணீர் வேண்டாம். அந்த டம்ளரின் விளிம்பில் யாரோ வாய் வைத்த தடம் தெரிகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அப்படித்தான்.

எங்கள் வீட்டில் மூன்று அறைகள். அப்பா, அம்மா காலத்துக்குப் பிறகு நானும் தங்கையும் மட்டும்தான். தங்கை வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து இரண்டு வேளையும் சாப்பிடுவோம். அவள் மெல்லுகிற சத்தம் ஒரு நாள்கூட என் காதில் விழுந்ததில்லை. முப்பத்து நான்கு வயதில் அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை மலைமேல் குவாரியிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு வந்து கட்டட வேலை நடக்கும் இடங்களில் இறக்குகிறவர். நான்தான் முன்னால் நின்று நடத்தி வைத்தேன். அவர்கள் இருந்த வாடகை வீட்டைச் சொந்தக்காரர் விற்றுவிட்டதால், ஒரு மாதத்துக்கு என்று சொல்லிப் பெட்டி படுக்கையோடு என் வீட்டுக்கு வந்தார்கள். நான்கு வருஷம் இருந்தார்கள்.

மாப்பிள்ளையைப் பற்றி நான் குறை சொல்ல முடியாது. குடி கிடையாது. தங்கையை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அவள் அவரைப் பார்த்தாலே முகம் மலர்ந்துவிடுவாள். நான் சொல்ல வருவது வேறு.

அவர் வாயை மூடி மெல்ல மாட்டார். உள்ளே போனது கூழாகிற வரைக்கும் எல்லாமே எதிரில் இருப்பவருக்குத் தெரியும். எலும்பை உறிஞ்சுகிற சத்தம் வாசல் வரை கேட்கும். உறிஞ்சிய எலும்பைத் தன் தட்டில் போட மாட்டார், மேஜைமேல் என் தட்டை ஒட்டி வைப்பார். எச்சில் பளபளக்க அது அங்கேயே கிடக்கும். காலையில் தின்ற முட்டையின் மஞ்சள் மாலை வரை மீசையில் காய்ந்திருக்கும். அந்த மீசையோடுதான் "மச்சான்" என்று கூப்பிட்டுக் கட்டிப்பிடிப்பார். பாசமான மனிதர். தோளில் கை போடாமல் அவருக்குப் பேச வராது.

எனக்கென்று தனியாக ஒரு சோப்பு வாங்கி என் அறையில் வைத்தேன். இரண்டாம் நாள் அதில் சுருள் சுருளாக முடி ஒட்டியிருந்தது. "மச்சான் சோப்பு என்ன வாசனை!" என்று தங்கையிடம் சிலாகித்துக்கொண்டிருந்தார். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அவருக்குச் சூது வாது தெரியாதுண்ணா. மனசுல வச்சுக்காதே," என்றாள்.

"மனசுல வைக்கல. சோப்பைத்தான் சொல்றேன்."

அவள் சிரித்தாள். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

பிறகு ஒரு மத்தியானம். மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் ஏதோ சொல்ல, தங்கை வாய் நிறையச் சோற்றோடு சிரித்துவிட்டாள். இரண்டு பருக்கை மேஜையில் தெறித்தது. அவர் அதை விரலால் ஒற்றி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள். அவள் வாய்க்குள் இருந்ததை முதல் முறையாக நான் பார்த்தேன். எழுந்து பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். வயிறு சரியில்லை என்று சொன்னேன். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடிவந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார். சாப்பிட்ட கையை அவர் இன்னும் கழுவியிருக்கவில்லை.

அந்த மாதமே அவர் சொந்தமாகப் பிக்கப் வாங்கினார். குவாரிப் பாதை குண்டும் குழியுமானது. பெரிய டயர் போட்டால் வண்டி உயரும், அடி தட்டாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேராகக் கடைக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வரக்கூடிய சிக்கல்களை அவருக்கும் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். வேண்டுமானால் முதலாளியைக் கேட்டுப்பாருங்கள், அவரும் பக்கத்தில் நின்றார்.

"எனக்கு எதுக்கு மச்சான் இதெல்லாம்? நீங்க மாட்டி விட்டா நான் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்," என்றார்.

சொல்லிக்கொண்டே வண்டிச் சாவியைக் காதுக்குள் விட்டுக் குடைந்தார். வெளியே எடுத்து நுனியில் என்ன வந்தது என்று பார்த்தார். சட்டையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "இந்தாங்க," என்று என்னிடம் நீட்டினார். ஒரு காகிதத்தை எடுத்து, அதில் வாங்கிக்கொண்டேன்.

நான்கு டயரையும் மாற்றினேன். எடை சேர்ந்தால் டயர் எவ்வளவு மேலே ஏறும் என்று தெரிய வேண்டுமல்லவா, அதற்காக முன் சக்கரத்தின் கீழே கட்டை கொடுத்து, ஸ்டீயரிங்கை இடது கோடிக்கு ஒடித்துப் பார்த்தேன். சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் குழாய் ஒன்று உண்டு. டயருக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரலாவது நுழைய வேண்டும். இங்கே நகம்கூட நுழையவில்லை. இது பெரிய விஷயமே இல்லை. குழாயைப் பிடித்திருக்கும் தகட்டைக் குறடால் கொஞ்சம் வளைத்துவிட்டால் குழாய் உள்ளே தள்ளிப் போய்விடும். ஐந்து நிமிஷ வேலை.

நியாயமாகச் சொல்கிறேன், குறடை எடுத்துக்கொண்டுதான் குனிந்தேன்.

ஓட்டும்போது ஜன்னல் வழியாகத் துப்புவது மாப்பிள்ளைக்கு வழக்கம். கதவிலிருந்து சக்கரத்தின் வளைவு வரை கோடு கோடாக இறங்கியிருந்தது. பழையது காய்ந்து பொருக்காக இருந்தது. தகட்டைப் பிடிக்கக் கையை உள்ளே விட்டபோது புதியதில் என் மணிக்கட்டு பதிந்தது. வழவழவென்று இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லையோ என்று தோன்றியது. அப்படி இருந்திருக்க முடியாது, அது எனக்குத் தெரியும்.

போய்க் கை கழுவினேன். நான்கு தரம் கழுவினேன். திரும்பி வந்து தகட்டை வளைக்கவில்லை. குழாயைத் தகட்டோடு சேர்த்துப் பிடித்திருந்த கிளிப்பை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இனி குழாய் தளர்ந்து டயர் பக்கமாகவே சாயும். நான் எதையும் அறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் இடது பக்கம் ஒடிக்கிற ஒவ்வொரு தடவையும் டயர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நாற்பத்து மூன்று நாள் ஆயிற்று. வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும். காலையில் ஒரு துணியோடு போய் டயரைத் துடைக்கிற மாதிரி குனிந்து பார்ப்பேன். முதல் வாரம் குழாயில் ஒரு மினுமினுப்பு. அப்புறம் சிறு பள்ளம். ஐந்தாவது வாரம் ரப்பருக்கு உள்ளே இருக்கும் நூல் பின்னல் தெரிந்தது. அன்றைக்கு மாப்பிள்ளை பல் துலக்கிக்கொண்டே வந்து என் பின்னால் நின்றார்.

"என்ன மச்சான், தினமும் டயரையே பாக்கறீங்க?"

"காத்து சரியா இருக்கான்னு பாத்தேன் மாப்பிள்ளை."

"நான் குடுத்து வச்சவன்," என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பற்பசை நுரை என் காலருக்குள் இறங்கியது. அப்போதுகூட எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபக்காரன் இல்லை.

விபத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும், கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது. வியாழக்கிழமை மத்தியானம். முழுப் பாரம். குவாரியிலிருந்து இறங்குகிற மூன்றாவது வளைவு, இடது பக்கம் ஒடிக்கிற வளைவு. ஒரு குழாய் போனாலும் மிச்ச பிரேக் பாதி வேலை செய்யும். சமதரையாக இருந்தால் அது போதும். அந்த இறக்கத்தில், அந்தப் பாரத்தில், அந்த டயரில் போதாது. வண்டி பாறையில் மோதி இடப்பக்கமாகக் கவிழ்ந்தது. கல் முன்னால் சரிந்தது. இடப்பக்க இருக்கையில் தங்கை இருந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோக அவசியமே இருக்கவில்லை. முன்பக்கம் நசுங்கிப்போனதால் குழாயை யாரும் பார்க்கவில்லை. பிரேக் பிடிக்கவில்லை, அதிகப் பாரம் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அவளும் போவாள் என்று எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. இரண்டு கைக்கும் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். அவருக்கு வேறு நாதி இல்லை, என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தேன். மூன்று மாதமாக நான்தான் ஊட்டுகிறேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த கவளத்துக்குக் காத்திருப்பார். என் முகத்துக்கும் அந்த வாய்க்கும் ஒரு சாண்தான் இருக்கும். உள்ளே முந்தின கவளம் பாதி அரைபட்டுக் கிடக்கும். நான்தான் துடைக்கிறேன், நான்தான் கழுவி விடுகிறேன், சட்டியை எடுத்துக் கொட்டுவதும் நான்தான். இந்த மாதிரி ஒரு மச்சான் யாருக்குக் கிடைப்பார் என்று தெருவே பேசுகிறது. முதலாளி எனக்கு அரை நாள் வேலை போதும் என்று சொல்லிவிட்டார்.

நேற்று அவர் கைக்கட்டை அவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக இரண்டு கையாலும் என்னை இழுத்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டு அழுதார். மூக்கு ஒழுகியது. என் கன்னத்தில் பட்டது, உதட்டோரம் இறங்கியது.

"அவ போயிட்டா. இனி எனக்கு எல்லாமே நீங்கதான் மச்சான். சாகற வரைக்கும் உங்க கூடத்தான் இருப்பேன்," என்றார்.

அவருக்கு நாற்பத்தொரு வயதுதான். இதயம், ஈரல் எல்லாம் திடமாக இருக்கிறது, நீண்ட ஆயுசு என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். காலையில் எழுந்து குளித்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லிவிட்டு இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன். குற்ற உணர்ச்சி என்று நீங்கள் எழுத விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான், தனி அறை. பத்துப் பேரோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் தங்கையைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அந்த வியாழக்கிழமை அவர்கள் கிளம்புவதற்கு முன்பே, எட்டு மணிக்கே கடைக்குப் போய்விட்டதாக முதலில் சொன்னேன். முதலாளி எட்டரை என்று சொல்லியிருக்கிறார் என்றால் எட்டரைதான். அவர் நேரம் தவற மாட்டார்.

சரி. நான் கிளம்புகிறபோது அவர்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். தங்கை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அண்ணா, குவாரிக்குப் பக்கத்துல ஒரு வீடு இருக்காம். இவர் கல் ஏத்தற நேரத்துல நான் பாத்துட்டு வந்துடறேன். பிடிச்சிருந்தா ஒண்ணாம் தேதியே போயிடுவோம். உன்னையும் எத்தனை நாள்தான் தொந்தரவு பண்றது?"

ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. சோப்பு, மேஜை, அந்தச் சத்தம், எல்லாம் ஒன்பது நாளில் தானாகவே போயிருக்கும். அது எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. நூல் பின்னலிலும் பாதி அறுந்துவிட்டது, இன்றோ நாளையோ என்பதும் தெரியும். அன்று காலையில்தான் பார்த்திருந்தேன்.

மாப்பிள்ளை ஒரு பழத்தை உரித்துப் பாதியைக் கடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினார். அவர் பல் பதிந்த இடத்திலேயே அவள் வாயை வைத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, வாயைத் திறந்து மென்றாள்.

"பாத்துப் போயிட்டு வாங்க," என்றேன்.

வண்டி நகர்ந்தது. அவள் பக்கத்துக் கதவு சரியாக மூடவில்லை. நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். நிறுத்தினார். நானே போய் அதை அழுத்திச் சாத்தினேன்.