ஸ்டிக்கர்ல போட்ட வயசு

முதல்ல எனக்குத் துரோகம் பண்ணது என் சம்பந்திதான்ம்மா. உங்க கடை ரெண்டாவதுதான். அதனால நீ பயப்படாத, இந்த ஸ்டிக்கரை உரிச்சுப் பாத்துட்டு அப்படியே திருப்பி ஒட்டிடறேன்.

கிழிக்கலம்மா. நகத்தால லேசாக் கிளப்பிப் பாக்குறேன், அவ்வளவுதான். அடியில இன்னொண்ணு இருக்கான்னு தெரியணும்ல. சிரிக்காத. இருந்துச்சு. போன தடவை இங்க வாங்கின புக்குல மேல ஏழு வயசுன்னு ஒரு ஸ்டிக்கர், அடியில அஞ்சு வயசுன்னு ஒரு ஸ்டிக்கர். நான் பாக்கல. சம்பந்தி பாத்துட்டாரு. என்னை வாசல்லயே நிக்க வெச்சு, கண்ணாடியை நெத்தியிலருந்து இறக்கி விட்டுக்கிட்டு, இதே மாதிரி நகத்தால உரிச்சாரு. பிள்ளை இதெல்லாம் எப்பவோ தாண்டிடுச்சுங்க, எடுத்துட்டுப் போங்கன்னாரு. உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை வரல. வெயில்ல வந்திருக்கானே, தண்ணி குடிக்கிறானான்னு கேக்கல. கதவு சாத்துற சத்தம் மட்டும் நல்லாக் கேட்டுச்சு.

எப்போ வாங்கினதா? அது எதுக்கு உனக்கு? தேதியக் கேப்ப, பில்லு எங்கம்ப, பில்லு இல்லைன்னா கையை விரிப்ப. எனக்குத் தெரியாதா. நீ வேலைக்கு வந்தே ரெண்டு வருசம்தான் ஆச்சா? சரி, அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க. எந்தக் கடையிலயும் தப்பு நடந்தப்போ இருந்தவங்க இருக்கவே மாட்டாங்க.

விடு. விசயத்துக்கு வா. மூணு வயசுக்கு ஒண்ணு, ஏழு வயசுக்கு ஒண்ணு, பன்னண்டு வயசுக்கு ஒண்ணு. மூணு புக்கு. மூணும் கரெக்டா இருக்கணும். நாளைக்கு அந்த மனுசன் என் வீட்டுக்கு வர்றாரு. பிள்ளையக் கூட்டிட்டு வந்து, அவரும் கூடவே உக்காந்திருந்து, சாயங்காலம் கூட்டிட்டுப் போயிருவாராம். கைதிய ஜாமீன்ல விடுற மாதிரி. இத்தனை நாள் இல்லாத அக்கறை இப்போ எங்கருந்து வந்துச்சுன்னுதான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். என் வீட்ல என்ன குறைன்னு பாக்கத்தான் வர்றாரு. வேற என்ன.

அவரு வாத்தியாரு. ரிட்டையர் ஆகியும் அந்தச் சிவப்பு மையை மட்டும் கீழ வைக்கல. கல்யாணப் பத்திரிகையக் குடுத்தா வாங்கி, எழுத்துப்பிழை பாத்துட்டுத்தான் எப்போ கல்யாணம்னு கேப்பாரு. என் பையனுக்கும் அவரு பொண்ணுக்கும் ஒத்து வரல, பிரிஞ்சுட்டாங்க. அது உலகத்துல நடக்காததா. பையன் வேற ஊருக்குப் போயிட்டான், அவன் கதை வேற. மருமகளை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா பொட்டியக் கட்டுன அன்னைக்கு அந்த மனுசன் என் வீட்டை ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. நான் பஸ் சீட்டு தைக்கிறவன். வீடு எப்படி இருக்கும்? ஒரு மூலையில மிஷின், ஒரு மூலையில ரெக்சின் சுருள், மீதியெல்லாம் ஸ்பாஞ்சு. இந்த வீட்ல ஒரு புக்காவது இருக்கா, இங்க வளந்தா பிள்ளை என்னத்தக் கத்துக்கும்னு கேட்டாரு. எல்லாரும் இருக்கும்போது கேட்டாரு.

நான் என்ன சொன்னேனா? நீங்க ஸ்கூலுக்கு உக்காந்து போன சீட்டே நான் தைச்சதா இருக்கும்னு சொல்லியிருக்கலாம். அப்போ தோணல. அதுக்கப்புறம் தினமும் தோணுது.

எடு, மூணு வயசை முதல்ல எடு. இது வேண்டாம். பாரு, நடுவுல பின் அடிச்சிருக்கான். பின்னு கழண்டு வந்தா நேரா வாய்க்குத்தான் போகும். எனக்குத் தெரியும்மா, சின்னது எதைக் கண்டாலும் முதல்ல கடிச்சுத்தான் பாக்கும். ரெக்சின் துண்டைக்கூட விடாது. நாயைக் கண்டா பயம், அதனால நாய்ப் படம் வேண்டாம். மாட்டைக் கண்டா விழுந்து விழுந்து சிரிக்கும். தூங்க வைக்கணும்னா சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லணும், கதையில ஒரு வார்த்தை மாத்தினா எந்திரிச்சு உக்காந்துக்கும்.

இதுவா? அட்டை கெட்டியா இருக்கு. மூலையெல்லாம் உருட்டி விட்டிருக்கான், கையில குத்தாது. எழுத்தும் பெருசா இருக்கு. பிள்ளைக்காகச் சொல்றேன். சரி, எனக்காகவும்தான். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அந்த மனுசன் முன்னாடி நான் தட்டித் தடுமாறுனேன்னு வெச்சுக்க, அவரு வாயைத் திறக்கவே வேண்டாம், புருவத்தை ஒரு தூக்கு தூக்கினாப் போதும்.

இரு, படிச்சே பாத்துடறேன். அங்க நிக்கிற அம்மா என்னைப் பாத்துச் சிரிக்கலையே? சரி. எருமை... போ என்றது. காக்கா போகவில்லை. எருமை வாலை ஆட்டியது. காக்கா போகவில்லை. எருமை தண்ணீரில் இறங்கியது. காக்கா... இங்கயும் போகலையா? கடைசி வரைக்கும் போகாதா? நல்ல காக்காவா இருக்கே. இதைக் கட்டு. இதை நான் பாக்காமலே சொல்லிருவேன்.

இப்போ ஏழு. இதென்னம்மா, ஆறு முதல் எட்டுன்னு போட்டிருக்கான்? எல்லா சைஸ் சீட்டுக்கும் ஒரே உறைய இழுத்து மாட்டுற மாதிரி இருக்கே. இதுலதான் நீங்க ஆளை ஏமாத்துறீங்க. ஆறுல இருக்கிறதும் எட்டுல இருக்கிறதும் ஒண்ணா?

ம். ம். ஸ்டிக்கர நம்ப வேண்டாம், உள்ள ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லணும், பிள்ளை எங்க தடுமாறுது, எங்க சிரிக்குதுன்னு பாக்கணும்ங்கிற. இதை அன்னைக்கே ஒருத்தர் சொல்லியிருந்தா நான் எதுக்கு அந்த வாசல்ல போய் நிக்கிறேன். ஆனா அதுக்குப் பிள்ளை பக்கத்துல இருக்கணும்ல.

ஏழு வயசுல என்ன பிடிக்கும்னு என்னைக் கேக்காத. தெரியாது. பல்லு விழுந்திருக்கும், அது தெரியும். சைக்கிள் ஓட்டியிருக்குமோ என்னவோ. சின்னதைப் பத்தி இவ்வளவு சொல்றீங்க, ஏழு வயசைப் பத்தி ஒண்ணும் தெரியலைங்கிறீங்களேன்னு மடக்குறியா? நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும். மூணு வயசு என்கிட்ட இருந்துச்சு. அதான் தெரியும். மத்தது தெரியாது. போதுமா?

இந்தப் பொண்ணு சைக்கிள்ல தபால் கொண்டு போறாளா? வழியில சங்கிலி கழண்டுருதா. யாரு மாட்டி விடுறா? அவளே மாட்டிக்கிறாளா. பக்கத்துக்கு ஒரு படம் இருக்கு, கதையச் சின்னச் சின்னப் பாகமா வெட்டியிருக்கான். ஸ்டிக்கருக்கு அடியில ஒண்ணும் இல்லை, பாத்துட்டேன். இதுவும் இருக்கட்டும்.

பன்னண்டுக்கு நீதான் சொல்லணும். ஆமா, பொண்ணுதான். அது என்ன படிக்கும்னு அதுகிட்டயே கேக்கணுமா? கேக்க முடிஞ்சா உன்கிட்ட எதுக்குப் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கிறேன். பன்னண்டு வயசுல நான் ரெக்சின் வெட்டிக்கிட்டு இருந்தேன். எனக்கு அந்த வயசே கிடையாது.

என்னது, மாத்திக்கலாமா? பிடிக்கலைன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டாந்து வேற எடுத்துக்கலாமா? இதுதான் உங்க வியாபாரம். மாத்த வர்றவன் வெறும் கையோட போக மாட்டான், இன்னும் ரெண்டு வாங்கிட்டுப் போவான். பெரிய பிள்ளைன்னா நேர்ல வந்து அதுவே பாத்து எடுத்தாத்தான் சரியா இருக்கும்ங்கிற. ஆமாமா, வரும். கார் அனுப்பி வெச்சிருக்கேன்.

ஏதோ ஒண்ணு குடு. இதுவா, கடல்ல காணாமப் போன கப்பலைத் தேடுறது? நல்லா இருக்கும்ங்கிறியா. எல்லாப் பிள்ளைங்களும் விரும்பிப் படிக்குதா. சரி, உன் பேச்சை நம்புறேன். முழுசா நம்பல, பாதி.

தனித்தனியாக் கட்டு. பளபளா பேப்பர் வேண்டாம், என்னத்தையோ மறைக்கிற மாதிரி இருக்கு. மேல பேரு எழுதிக் குடுப்பியா? எழுது. குருவின்னு எழுது. வீட்ல கூப்பிடுற பேருதான். அடுத்ததுலயா? அதுலயும் குருவின்னுதான். மூணாவதுலயும் அதேதான்.

இல்லம்மா, தப்பாச் சொல்லல. மூணு பிள்ளைன்னு நான் எப்போ சொன்னேன்? மூணு வயசுன்னுதான் சொன்னேன். ஒரே பிள்ளைதான். அவங்க கூட்டிட்டுப் போனப்போ மூணு. நான் அவரு வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தப்போ ஏழு. நாளைக்கு வரும்போது பன்னண்டு. அதுவாக் கேட்டுச்சாம், ஸ்பாஞ்சு மேல குதிச்ச வீட்டுக்குப் போகணும்னு. மருமகதான் போன்ல சொன்னா. அதுவாக் கேட்டுச்சா, இல்லை இவரு வேற எதுக்கும் அடி போடுறாரான்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

பன்னண்டு வயசுப் பிள்ளை எருமைக் கதை கேக்காதுன்னு எனக்கும் தெரியும்மா. கேக்காட்டிப் போகுது. நான் படிப்பேன். அவரும் உக்காந்து கேக்கட்டும். நடுவுல உள்ள நாலு, அஞ்சு, ஆறு, எட்டு, ஒம்பதுக்கெல்லாம் புக்கு வேண்டாமான்னு கேக்காத, வியாபாரத்துலயே குறியா இருக்காத. அதெல்லாம் இந்தக் கடையில கிடைக்காது. அது அவரு எனக்குத் தர வேண்டியது.

நில்லு, அந்த மூணாவதைக் கட்டாத. அந்த மாத்துற சமாச்சாரம் நிஜம்தானே? பிள்ளையே நேர்ல வந்தாத்தான் சரியா இருக்கும்னு நீதானே சொன்ன. வாத்தியாரு எடுத்துப் பாக்கணும், கண்ணாடியை இறக்கணும், இது இவ வயசுக்குச் சரியில்லையே, மாத்தியே ஆகணும்னு அவரு வாயாலயே சொல்லணும். ஒரு வாரம்தானே டைம்? அப்போ கப்பலை எடுத்து உள்ள வெச்சிரு.

தப்பானதாப் பாத்து ஒண்ணு குடு.