வாசலில் நின்றே மூச்சறிந்த தலைமைச் செவிலியர் ஞானசுந்தரி அம்மையாருக்கு

மூச்சின் மொழியறிந்த முதல்வியே! முகம் பார்க்குமுன் பாதம் பார்க்கும் பெருந்தகையே! எங்கள் இதயப் பிரிவின் இரவும் பகலுமான அம்மையாரே! வணக்கம்.

தோல் ஊறும் தொட்டியில் நின்று உழைத்தவன், பட்டினி கிடந்தும் எடை ஏறி இங்கே வருவான். இதயம் இறைக்க மாட்டாத நீர் காலில் தொடங்கி நெஞ்சுவரை ஏறும்; கரையில் இருந்தபடியே மனிதன் மூழ்குவான். அந்த நீரின் வரவை அறைவாசலில் கண்மூடி நின்று கேட்டறிந்தவர் தாங்கள். ஆனாலும், "காது ஏமாத்தும், எடுத்துப் பாரு" என்று இ.சி.ஜி., எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, எக்கோ எதையும் விட்டதில்லை. காலை எடை பார்க்குமுன் ஒருவரையும் காப்பி குடிக்க விட்டதில்லை.

"படுத்தா யாரோ மாருமேல ஏறி உக்கார்றாங்க சிஸ்டர், மூஞ்சி மட்டும் தெரியல" என்று நடுங்கினார் தோல் மண்டி ஹபீப் பாய். "யாரும் இல்ல பாய், உங்க தண்ணிதான். நிமிர்ந்து உக்காருங்க" என்றீர்கள். ஊசி ஏறியது, நீர் இறங்கியது, அவரும் கட்டிலைவிட்டு இறங்கி நடந்து போனார்.

இன்றைய பாராட்டு விழாவுக்காக இதற்குமேலும் புகழ்ந்து எழுதியிருந்தோம். இன்று காலை அதைக் கிழித்துப்போட்டோம்.

தங்கள் பழைய ஜோடியை அளவு வைத்துப் பரிசாகத் தைத்த ஷூ தங்கள் காலில் ஏறவில்லை. "கம்பெனிக்காரன் அளவ கம்மி பண்ணிட்டான்" என்று சிரித்தீர்கள். முன்பு ஷூ கம்பெனியில் இருந்த வார்டு உதவியாளர் ஜியாவுல்லா சிரிக்கவில்லை. "ஷூ சரியாத்தான் இருக்கு சிஸ்டர். காலுதான் ஜாஸ்தி." செவிலியர் ஃபீபி குனிந்து தங்கள் கணுக்காலில் கட்டைவிரல் பதித்தார். குழி விழுந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அது மூடவில்லை, கண்போல எங்களைத் திருப்பிப் பார்த்தது.

பிறகுதான் ஒவ்வொன்றாய் நினைவு வந்தது: ஓய்வறையில் தாங்கள் உட்கார்ந்தே தூங்கியது, படிக்கட்டின் நடுவே நின்று நின்று எங்களுக்கு வேலை சொன்னது.

"மடல வாசிங்க, அப்புறம் வர்றேன், பேஜார் பண்ணாதீங்க" என்றீர்கள். வாசிக்கிறோம். ஒலிவாங்கியின் அருகே தங்களை அமர்த்தியது காரணத்தோடுதான். எங்கள் சொற்களுக்கு நடுவே ஒரு மூச்சின் ஓசை அரங்கமெங்கும் கேட்கும். அறைவாசலில் நின்று கேட்பதுபோல, ஒருகணம் அதைக் கேளுங்கள் அம்மையாரே!

நீடு வாழ்க என்று வாழ்த்துவதை ஒத்திவைக்கிறோம். மேடைக்குக் கீழே ஜியாவுல்லா சக்கர நாற்காலியோடு நிற்கிறார். மேலே நம் வார்டில் கதவோரக் கட்டில் தலைமாடு உயர்த்திக் காத்திருக்கிறது. மடலுக்கு இன்னும் சட்டம் போடவில்லை. அந்த ஷூ தங்கள் காலில் ஏறும் நாளில் இரண்டையும் சேர்த்துத் தருவோம்.

எழுந்திருங்கள் சிஸ்டர்.

கேட்டுக்கொண்டே நிற்கும்,
இதயப் பிரிவு ஊழியர்கள்,
ஆம்பூர்.