இருளாயி கொல்லை

அது எந்தத் தலைமொறையோ, சரியாச் சொல்ல இன்னைக்கு ஆளில்ல. பெரும்பஞ்சம் ஒண்ணு வந்து போன மறுவருசம். இதே கல்லூரணியில இருளாயின்னு ஒருத்தி இருந்தாளாம். பஞ்சத்துல புருசனும் போயிட்டான், மடியில கெடந்த பிள்ளையும் போயிருச்சு. அவளுக்கு மிஞ்சுனது ஊரணிக்கரை ஓரமா ஒரு துண்டு கொல்லை.

மழை பேஞ்சதும் ஊரே வரகு வெதைச்சுச்சு. இவ வெதைக்கலையாம். காடு காடா அலைஞ்சு பழவெதையாப் பொறுக்கிட்டு வந்தாளாம். வெளா, நாவல், இலந்தை, சீத்தா, கொடுக்காப்புளி. ஒண்ணு காய்ச்சு ஓயுறப்ப இன்னொண்ணு பழுக்கணும்னு பாத்துப் பாத்து ஊனுனாளாம்.

புருசனோட அண்ணன் கோட்டையன் வந்து கேட்டானாம், "வரகு வெதைச்சா தையில கஞ்சி. இது என்னைக்குக் காய்ச்சு, யாரு திங்க?"

"மழை பொய்ச்சா வரகு போயிரும் மச்சான். மரம் நிக்கும். பிள்ளைக திங்கட்டும்."

"ஒனக்குத்தான் பிள்ளை இல்லையே."

அவ குனிஞ்சு அடுத்த குழியைத் தோண்டுனாளாம்.

கன்னு முழங்கால் ஒசரம் வந்தப்ப மழை பொய்ச்சுச்சு. ஊரணி வத்தி, வீட்டுக்கு ஒரு குடம்னு ஊருக் கட்டுப்பாடு. இருளாயி தன் குடத்தை நேரா கொல்லைக்குத் தூக்கிட்டுப் போவாளாம். இந்தக் கன்னுக்கு ஒரு செரட்டை, அந்தக் கன்னுக்கு ஒரு செரட்டை. அடியில மிஞ்சுற கலங்கல் தனக்கு.

ஒருநா உச்சிவெயில்ல கோட்டையன் ஆட்டைத் தேடி அந்தப் பக்கம் போனானாம். நாவக்கன்னுக்குப் பக்கத்துல கெடக்குறா. உதடு வெடிச்சு, கண்ணு சொருகி. பதறிப்போயி, இடுப்புல கெடந்த தண்ணிச் சொரக்குடுக்கையை எடுத்து அவ வாயில வச்சான். அவ மொகத்தைத் திருப்பிக்கிட்டாளாம்.

"குடி தாயி."

"இந்தக் கன்னுக்கு இன்னைக்கு இன்னும் ஊத்தல மச்சான். அதுக்கு ஊத்துங்க."

சாகக் கெடக்குறவ பேசுற பேச்சா இது?

"நீ குடி. கன்னுக்கு எங்க வீட்டுக் குடத்துலேர்ந்து நான் ஊத்துறேன். மழை எறங்குற வரைக்கும் ஊத்துறேன்."

அந்தச் சொல்லைக் கேட்ட பெறகுதான் வாயைத் தொறந்தாளாம்.

சாயங்காலம் கோட்டையன் தோள்ல குடம் சுமந்து போறதை ஊரு பாத்துச்சு. ஆம்பளை தண்ணி தூக்குறான்னு சிரிக்க வந்தவுக, வெவரம் கேட்டு வாயை மூடிக்கிட்டாக. மறுநா வீட்டுக்கு ஒரு செம்பு தண்ணி தானா கொல்லைக்கு வந்துச்சாம்.

வருசம் பல கழிச்சு அடுத்த பஞ்சம். அக்கம்பக்கத்து ஊரெல்லாம் கதவைச் சாத்திட்டுப் பொழைப்புத் தேடிப் போயிருச்சு. இங்க ஒரு கதவும் சாத்தல. பழந்தின்னே பிள்ளைக பொழைச்சுச்சுக. வெளியூருப் பசியும் நடந்து வந்துச்சு. வேலி போடுவோம்னு நாலு பேரு முள்ளு வெட்டிட்டு வந்தாகளாம். கெழவியாயிட்ட இருளாயி போயி குறுக்க உக்காந்துக்கிட்டா.

"எம்பிள்ளை பசியில போச்சுய்யா. வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிறதும் ஒரு பிள்ளைதான்."

முள்ளு அப்படியே அடுப்புக்குப் போச்சாம்.

அதான் இன்னைக்கும் இருளாயி கொல்லைக்கு வேலி கெடையாது. அந்தப் பழத்தை யாரும் வெலைக்கு விக்கிறதும் இல்ல. இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வர்ற பொண்ணு, மொதல்ல அங்க போயி ஒரு மரத்துக்குத் தண்ணி ஊத்திட்டுத்தான் புருசன் வீட்டுப் படி ஏறுவா. குடத்தை அவ தூக்க மாட்டா. மாப்பிள்ளைதான் தூக்கிட்டுப் போகணும்.