யாரும் போகல, டாக்டர்

ஷஹீன் பானு: மறுபடியும் ரிங் போயிக் கட்டாயிடுச்சுக்கா. ரெண்டு நர்சுங்க சேந்து ஒரு டாக்டரப் புடிக்க முடியல. ஆம்பூர்ல ஞாயித்துக்கிழமை மதியம்... பிரியாணிக் கையோட எப்படி எடுப்பாரு.

பிரிஸ்கில்லா: பிரியாணியக் குத்தம் சொல்லாத. என்னை இந்த ஊருக்கு வாழ வர வெச்சதே அதுதான்.

ஷஹீன் பானு: சிரிக்காதீங்கக்கா. கமலம்மா தலகாணி உறையக் கடிச்சுக்கினு இருக்காங்க.

பிரிஸ்கில்லா: தெரியும். இப்பதான் முதுகத் தடவிட்டு வர்றேன். எலும்பு வரைக்கும் போன கேன்சருக்கு என் கை இன்னா பண்ணும்...

ஷஹீன் பானு: வலிக்கு இன்னொரு டோஸ் நாமளே...

பிரிஸ்கில்லா: கேன்சர் ஹோம்னாலும் டாக்டர் வாயத் தொறக்காம மார்பின் பீரோவத் தொறக்கக் கூடாது. வேலூர் டாக்டர் இன்னா ஆனாரு?

ஷஹீன் பானு: சுவிட்ச் ஆஃப். ஆம்புலன்ஸ் சொல்லவா?

பிரிஸ்கில்லா: குலுங்கினா அந்தம்மா தாங்காது. கடைசிக்கு அதான் வழி. நம்ம டாக்டர் செந்தில்குமாருக்கே இன்னொரு வாட்டி போடு.

ஷஹீன் பானு: நீங்க பேசுங்களேன். நான் சேந்ததுல இருந்து பாக்குறேன், அவருன்னா என்னையே தள்ளி விடறீங்க.

பிரிஸ்கில்லா: என் குரல் தோல்ஷாப்புல ஷிப்டுக்கு ஊதற சங்கு மாதிரிடி. கேட்டா, ஷிப்டு முடிஞ்சுதுன்னு வீட்டுக்குப் போய்டுவாரு.

ஷஹீன் பானு: பேஜார் பண்ணாதீங்க...

பிரிஸ்கில்லா: ஹோம் போன வை. உன் செல்லுல இருந்து போடு. ஸ்பீக்கர்ல போடு, சொல்ற மருந்து ரெண்டு பேர் காதுலயும் விழணும். எடுத்ததும் மொதல்ல, ‘யாரும் போகல டாக்டர்’னு சொல்லு.

ஷஹீன் பானு: இது இன்னா மந்திரம்?

பிரிஸ்கில்லா: சொல்லேன்.

டாக்டர்: ஹலோ... யாரு?

ஷஹீன் பானு: பானு சார். ஹோம்ல இருந்து...

டாக்டர்: ஹோம்லயா? யாருக்கு என்ன ஆச்சு...

ஷஹீன் பானு: யாரும் போகல டாக்டர். கமலம்மாவுக்கு வலி தாங்க முடியல.

டாக்டர்: வலிதானா... மூச்சு?

ஷஹீன் பானு: சீராத்தான் இருக்கு. நல்லா முழிச்சுக்கினு இருக்காங்க.

டாக்டர்: காலைல குடுத்த அதே டோஸ் மார்பின், இப்பவே இன்னொண்ணு குடுங்க.

ஷஹீன் பானு: அதே டோஸ், இப்பவே.

டாக்டர்: ஆமா. நான் கெளம்பி வர்றேன்.

ஷஹீன் பானு: குடுத்து முடிச்சு, பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு வந்தேன்க்கா. தலகாணிய விட்டுட்டாங்க. இப்ப சொல்லுங்க, நல்லாத்தான பேசுறாரு. ஹோம் போன மட்டும் ஏன் எடுக்கல?

பிரிஸ்கில்லா: நீ வர்றதுக்கு முன்னால, அதே கட்டில்ல அவங்கம்மா இருந்தாங்க. இவரு பேரணாம்பட்டு கிளினிக்ல பேஷண்ட் பாத்துக்கினு இருந்தப்ப... நான் பக்கத்துல பேசிக்கினு இருக்கையிலயே போய்ட்டாங்க. ஹோம் போன்ல இருந்துதான் சேதி போச்சு.

ஷஹீன் பானு: யாருக்கா சொன்னது?

பிரிஸ்கில்லா: இந்தத் தோல்ஷாப் சங்குதான்.

ஷஹீன் பானு: அக்கா...

பிரிஸ்கில்லா: மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. போன் அடிக்குது பாரு.

ஷஹீன் பானு: ஹோம் போனு. அவரு நம்பர்தான். நான் எடுக்க மாட்டேன்.

பிரிஸ்கில்லா: ஏய் பானு... ஹலோ. பிரிஸ்கில்லா பேசறேன் டாக்டர்.

டாக்டர்: கமலம்மா எப்படி இருக்காங்க?

பிரிஸ்கில்லா: வலி கம்மியாயிடுச்சு. தண்ணி கேட்டுக் குடிச்சாங்க.

டாக்டர்: நீங்க ஏன் சிஸ்டர் கூப்புடறதே இல்ல?

பிரிஸ்கில்லா: என் குரலக் கேட்டா உங்களுக்கு அந்த நாளு ஞாபகம் வரும்னு...

டாக்டர்: அந்த நம்பரப் பாத்தாத்தான் அது ஞாபகம் வருது. எடுக்காதது என் தப்பு. உங்க குரலு... எங்கம்மா கடைசியாக் கேட்டது அதுதான சிஸ்டர். இனிமே நீங்களே கூப்புடுங்க.