நாற்பத்தேழு ஸ்டிக்கர்கள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும் ஐயா. நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினால் பொழுதும் வீணாகும், பிழையும் வரும். அதனால்தான் காகிதத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடமாகக் கார் சர்வீஸ் சென்டரில்தான் என் பிழைப்பு. முதல் சில வருடங்கள் மெக்கானிக்காக இருந்தேன், பிறகு எழுத்து வேலைதான், சர்வீஸ் அட்வைசர்.

அட்வைசர் என்றால் மலையைப் புரட்டும் வேலை இல்லை. வண்டி உள்ளே வந்ததும் சொந்தக்காரர் சொல்லும் குறையைக் கேட்டு ஜாப் கார்டு என்ற அட்டையில் எழுத வேண்டும். அட்டையில் இரண்டு கட்டங்கள் இருக்கும். இடப்பக்கம் அவர் சொன்னது, வலப்பக்கம் நாங்கள் கண்டது. இடப்பக்கத்துக்கு ஆட்கள் கதை கதையாக அளப்பார்கள். வலப்பக்கத்தில் நான் ஒரு வரிக்கு மேல் எழுதியதில்லை.

அந்தக் கதைகளில் ஒன்று, வண்டி தானாக ஓடுகிறது என்பது. "பிரேக்குலதான் சார் கால் இருந்துச்சு, வண்டி பாஞ்சிடுச்சு" என்று மாதத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு, வெட்கத்தில் பழியை வண்டியின் தலையில் கட்டுகிறவர்கள். அதை முகத்துக்கு நேரே சொன்னால் மனம் நோகும் இல்லையா? ஆகவே 'காலடி மேட் நகர்ந்து பெடலை அழுத்தியுள்ளது' என்று எழுதிவிடுவேன். வந்தவருக்கும் மரியாதை கெடாது, கம்பெனிக்கும் கெடாது. மெக்கானிக்குகள் எனக்கு 'மேட்டு சார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

டீச்சரம்மா வந்தது போன வருடம். பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வண்டி எங்கெங்கே பாய்ந்தது என்று ஒரு நோட்டில் வரைபடமே வரைந்துகொண்டு வந்திருந்தார். வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறிகூடப் போட்டிருந்தார்.

"மூணு தடவை ஆயிடுச்சு தம்பி. இங்க, இங்க, அப்புறம் இந்தப் பாலத்துக்கிட்ட. எனக்குப் பயமா இருக்கு."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பணிமனைக்குப் பின்னால் நேராக ஒரு சாலை உண்டு, ஆள் நடமாட்டம் குறைவு. அதன் முடிவில் திருப்பம் வரும்போது பிரேக்கை அழுத்தினேன். எஞ்சின் உறுமிக்கொண்டு வண்டி முன்னால் இழுத்தது. என் கால் பிரேக்கில்தான் இருந்தது. அதில் எனக்கு அப்போதும் சந்தேகம் இல்லை, இப்போதும் இல்லை. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, எஞ்சினை அணைத்து, ஓரத்தில் நிறுத்தினேன். அனுபவம் கைகொடுத்தது.

குனிந்து பார்த்தேன். மேட் அதன் கொக்கியில் ஒழுங்காக மாட்டியிருந்தது. அதைக் கழற்றி, பெடலின் மேல் ஏறும்படி தள்ளி வைத்து, அட்டையோடு சேர்ப்பதற்காக ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

படத்தைப் பார்த்த டீச்சரம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "நான்தானே தம்பி காலைல கொக்கியில மாட்டினேன்? கையால தொட்டுப் பாத்தேனே?"

"வயசானா மறதி வர்றது சகஜம்தாம்மா" என்றேன். அதட்டிச் சொல்லவில்லை, தன்மையாகத்தான் சொன்னேன்.

நான்கு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து ரீகால் உத்தரவு வந்தது. அந்த மாடல் வண்டிகளில் ஆக்சிலரேட்டர் பெடலுக்குப் பின்னால் இருக்கும் சென்சரில் குறை இருக்கலாம், எஞ்சின் தானாக வேகம் எடுக்கலாம், எல்லா வண்டிகளையும் வரவழைத்துச் சென்சரை இலவசமாக மாற்றுங்கள் என்று எழுதியிருந்தது. எங்கள் சென்டரின் பட்டியலில் நாற்பத்தேழு வண்டிகள். சொந்தக்காரர்களுக்கும் தனித்தனியாகக் கடிதம் போயிற்று. அப்படி ஒன்று என் வீட்டுக்கும் வந்தது, என் மனைவியின் பெயருக்கு. அவள் கண்ணில் படுவதற்குள் எடுத்துக் கிழித்துவிட்டேன்.

இங்கே என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

ஆறு வருடங்களுக்கு முன் என் மனைவியிடம் அதே மாடல் வண்டி இருந்தது. எங்கள் மகள் பாப்பாவுக்கு அப்போது ஏழு வயது. வண்டி வந்தால் கேட்டைத் திறப்பது தன் வேலை என்று பிடிவாதம் பிடிப்பாள், வேறு யாரும் தொடக் கூடாது. ஒரு சனிக்கிழமை காலை வண்டி கேட்டுக்குள் நுழையும்போது பாய்ந்தது. பாப்பா கேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தாள். நான் வேலையிலிருந்து வந்து சேர்ந்தபோது மனைவி தரையில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் பிரேக்குலதாங்க காலை வெச்சிருந்தேன்."

விசாரணைக்கு வந்தவர்கள் என்னிடம்தான் கேட்டார்கள். கால் மாறிவிட்டது, பதற்றத்தில் எவருக்கும் நடக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். கணவனே சொல்கிறான், அதுவும் இந்தத் தொழிலில் ஊறியவன் சொல்கிறான் என்றால் யார் மறுப்பார்கள்? விபத்து என்று முடித்துவிட்டார்கள். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டு நசுக்கச் சொல்லிவிட்டேன். கம்பெனியின் பழைய பதிவில் அவள் பெயர் அப்படியே இருந்திருக்கிறது, கடிதம் வந்தது அதனால்தான். மூன்று மாதம் போனபின் மனைவியும் "என் கால்தான்" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு வீட்டில் சண்டை இல்லை. ஒருமுறை அவள் வலது பாதத்தில் கொதிக்கிற தண்ணீர் கொட்டிவிட்டது. கை தவறிவிட்டது என்றாள், நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. மருந்து போட்டுக் கட்டிவிட்டது நான்தான்.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆறு வருடம் ஒருத்தி தன் காலை நொந்துகொண்டு எப்படியோ ஒரு நிலைக்கு வந்திருக்கிறாள். திடீரென்று ஒரு காகிதம் வந்து, உன் கால் இல்லையம்மா, வண்டிதான் என்று சொன்னால் அந்த ஆறு வருடத்தை அவள் என்ன செய்வாள்? அவள் அழுத அழுகைக்கெல்லாம் என்ன அர்த்தம்? அவளுடைய நிம்மதிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது.

ரீகால் வேலையை நானே செய்கிறேன் என்று மேனேஜரிடம் கேட்டேன். இரண்டு திருகாணி, ஒரு பிளக், பதினைந்து நிமிட வேலை. மெக்கானிக்குகளுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருந்தது. ஸ்பேனர் என்று நாங்கள் கூப்பிடும் மூத்த மெக்கானிக் மட்டும் சீண்டினான். "என்ன மேட்டு சார், திரும்பக் கையில கிரீஸ் ஒட்டணும்னு ஆசை வந்துடுச்சா?"

ஆசை என்னவோ வேறு. கழற்றிய பழைய சென்சரை, புதுசு வந்த பெட்டியிலேயே போட்டு, வண்டி எண்ணை எழுதி, கம்பெனியின் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. குறை எப்படி வருகிறது என்று அங்கே ஆராய்வார்கள். நான் எந்த வண்டியிலும் பழைய சென்சரைத் தொடவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் புது சென்சரைப் பெட்டியிலிருந்து எடுத்து, கிரீஸும் புழுதியும் தடவி, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, பழசு என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். வண்டியின் கதவோரத்தில் 'வேலை முடிந்தது' என்ற ஸ்டிக்கரை ஒட்டினேன். வண்டியைக் கழுவியும் கொடுத்தோம்.

அனுப்பியது அனைத்தும் நல்ல சென்சர். சோதித்தால் நல்லது என்றுதான் வரும். பழைய சென்சரில் குறையே இல்லை, ஓட்டியவர்களின் கால்தான் காரணம் என்று கம்பெனியே தன் கையால் எழுதித் தரவேண்டும். நான் எதிர்பார்த்தது அந்த ஒரு காகிதம்தான்.

டீச்சரம்மா ரீகால் கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். வாசலிலேயே கேட்டார்: "அப்போ எனக்கு மறதி இல்லல்ல தம்பி?"

"இல்லம்மா."

"என் பையன் சாவியைப் புடுங்கி வெக்கிறேன்னு நின்னான் தெரியுமா? இனிமே வாயைத் திறக்கட்டும், பாத்துக்கறேன்."

அவர் வண்டிக்கும் ஸ்டிக்கர் ஒட்டினேன். புறப்படும்போது கண்ணாடியை இறக்கி இன்னொன்று கேட்டார். "இத்தனை நாளா ஒரு கையைக் கியர் மேலயே வெச்சுக்கிட்டு ஓட்டினேன். பாஞ்சா நியூட்ரலுக்குத் தள்ளிடலாம்னு. ரெண்டு தடவை அதனாலதான் தப்பிச்சேன். இனிமே வேணாம்ல?"

"வேணாம்மா. நிம்மதியா ரெண்டு கையாலயும் புடிச்சு ஓட்டுங்க" என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று சொல்லுங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய பிறகும் கையைக் கியரில் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் யாருக்கும் சந்தேகம் வராதா?

இரண்டு மாதத்தில் சோதனைக்கூடத்தின் அறிக்கை வந்தது. எங்கள் சென்டரிலிருந்து வந்த நாற்பத்தேழு சென்சர்களில் ஒன்றில்கூடக் குறை இல்லை, ஓட்டுநரின் கால் மாறியதே காரணமாக இருக்கலாம் என்று அச்சில் இருந்தது. பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு எழுந்து துணி மடிக்கப் போனாள். அன்று எனக்கு மனம் மிகவும் லேசாக இருந்தது. நல்ல தூக்கம் வந்தது.

அடுத்த வாரம் டீச்சரம்மாவின் வண்டி மேட்டுச் சாலையிலிருந்து இறங்கும்போது பாய்ந்தது. கடைத்தெரு வரைக்கும் நிற்கவில்லை. மருந்துக்கடை வாசலில் நின்ற ஒரு தபால்காரரும் டீச்சரம்மாவும் அங்கேயே போய்விட்டார்கள். பார்த்தவர்கள், டீச்சரம்மா இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தார் என்றார்கள். இரண்டு உயிருக்கும் நான்தான் காரணம் என்று எழுதச் சொன்னால் எழுதுகிறேன். எழுதியும்விட்டேன். இன்னும் நாற்பத்தாறு வண்டிகள் வெளியே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எண்களை ஞாபகத்திலிருந்து தனிக் காகிதத்தில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்கே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் என்னைப் பிடித்தது ஒரு சின்ன விஷயத்தில். பிளாஸ்டிக் பாகங்களின் உள்பக்கத்தில் குட்டிக் கடிகாரம் போல ஒரு வட்டம் இருக்கும். எந்த மாதம், எந்த வருடம் வார்த்தது என்று அதில் ஒரு முள் காட்டும். சர்வீஸில் இருப்பவர்கள் பார்ட் நம்பரைத்தான் பார்ப்போம், அந்த வட்டத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எட்டு வருடப் பழைய வண்டியில் கழற்றியதாக நான் எழுதிய சென்சர் போன வருடம் வார்த்தது. விபத்துக்குப் பிறகு சோதனைக்கூடத்தில் யாரோ ஒரு பெண் அதைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். யானைக்கும் அடி சறுக்கும்.

நேற்று என் மனைவி இந்த ஸ்டேஷனுக்கு வந்தாள். நீங்களும் அறையில் இருந்தீர்கள். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். அவள் உட்காரவில்லை.

"அப்போ என் கால் இல்லையா?" என்று கேட்டாள்.

"எல்லா வண்டியிலயும் குறை இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல" என்றேன்.

"நான் உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேங்க. பாப்பா போறதுக்கு முன்னாடியே சொன்னேன். வண்டி துள்ளுது, என்னன்னு பாருங்கன்னு. நீங்கதான் கொண்டுபோய்ப் பாத்துட்டு வந்தீங்க."

அது உண்மைதான் ஐயா. இரண்டு முறை சொன்னாள், இரண்டு முறையும் நான் வண்டியைச் சென்டருக்குக் கொண்டுபோய் அட்டை போட்டேன். அந்த அட்டைகள் என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன. வலப்பக்கக் கட்டத்தில் இரண்டிலும் 'மேட்' என்றுதான் இருக்கும், என் கையெழுத்துதான். இரண்டாவது முறை அந்தப் பின்சாலையில் வண்டி எனக்கும் துள்ளியது. சின்னத் துள்ளல்தான். சொந்த மனைவியின் வண்டியிலேயே குறை என்று எழுதினால், மேட்டு சார் என்று கூப்பிடுகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அவ்வளவுதான்.

இதை நான் அவளிடம் சொன்னதும் அவள் திரும்பிப் போய்விட்டாள். நான் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. பெற்ற வயிறு. யார் மேலாவது பழியைப் போடத்தான் தோன்றும். என்னைப் பொறுத்தவரை, பாப்பா விஷயத்தில் நான் அவளை அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.