சேரோ முகம் திருப்பிய தண்ணீர்

இந்த வேலமரத்து நிழலில் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பெரியவர் ஓலே பார்டிமோ அவர்களே, அவருக்கு வலப்பக்கம் கைத்தடியை மடியில் கிடத்திக்கொண்டு, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே காத்திருக்கும் என் தங்கையின் மாமனார் கொய்லெல் மாமா அவர்களே, குழாயோடு வந்து இன்று குழாயோடு திரும்பிப் போகத் தயாராக நிற்கும் நிறுவனத்துத் தம்பி கியோகோ அவர்களே, ஈட்டியை மரத்தில் சாய்த்துவிட்டுச் சந்தேகத்தை மட்டும் சாய்க்காமல் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே, கழுத்து நிறைய மணியும் முதுகு நிறையத் தண்ணீர்க் கேனும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என்னை அழைத்தவர் "கடை வைத்திருக்கும் நாசியேகு" என்றார். பாதிதான் சொன்னார். சந்தேகம் பிடித்த நாசியேகு என்றால்தான் நம் ஓல்கிரியானே ஊரில் எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை மூட்டை வந்தால் அடிவரை கைவிட்டுப் பார்ப்பேன். தேயிலையை முகர்வேன், மறுபடியும் முகர்வேன். சிரித்துக்கொண்டு வருகிறவரைக் கண்டால் முதலில் கடையின் உள்கதவைச் சாத்துவேன். இது குற்றமா? இல்லை. ஏமாந்தவர்கள் எத்தனை பேர் இந்த மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

இன்று எதற்குக் கூடியிருக்கிறோம்? கியோகோவின் நிறுவனத்தார் ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள், குழாய் வைத்தார்கள், யாரும் குடிக்கவில்லை. குடிக்காத ஊருக்கு எதற்குக் குழாய், குடிக்கிற ஊருக்குக் கொண்டுபோகிறோம் என்கிறார்கள். வேண்டுமா, வேண்டாமா? கூட்டம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கூடியிருக்கிறோம்.

சந்தேகப்பட்டது சரி என்கிறேன். ஓசியில் ஒருவன் ஒன்று தருகிறான் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டாமா? நான் கேட்டேன். ஆனால் நீங்கள் யாரைக் கேட்டீர்கள்? கியோகோவைக் கேட்கவில்லை. சுகாதார நிலையத்துச் செவிலியைக் கேட்கவில்லை. சேரோவைக் கேட்டீர்கள்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், சேரோ என்பது கொய்லெல் மாமாவின் காளை. குழாய் திறந்த அன்று மாமா அதைக் கூட்டிவந்து தொட்டி முன்னால் நிறுத்தினார். சேரோ மூக்கை நீட்டியது. மோந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாம் காலங்காலமாகக் குடிக்கிற குட்டையைப் பார்த்து நடந்தது. மாமா திரும்பி எங்களைப் பார்த்துச் சொன்னார்: "மாடு குடிக்காத தண்ணிய மனுசன் குடிக்கிறதா? எடுத்துட்டுப் போங்கப்பா."

அவ்வளவுதான். தீர்ப்பு முடிந்தது. அன்று முதல் ஊரே மறுபடியும் குட்டைக்கே போனது, மாட்டின் பின்னால், மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டு.

மாட்டை நம்புகிற மக்கள் நாம். மாடு மழையை மோப்பம் பிடிக்கும், புல்லை மோப்பம் பிடிக்கும், சிங்கத்தை மோப்பம் பிடிக்கும். அதில் எனக்கு மறுப்பில்லை. என் வருத்தம் வேறு.

என் தங்கை சிமாலோயின் மகள் டிபனோய். இப்போதுதான் நடை பழகியவள். அவளுக்கு வயிறு போக ஆரம்பித்தது. பிறகு ரத்தமாகப் போனது. கண் உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை, தாய்மார்களே. கண்ணீர் வராமல் அழுகிற குழந்தையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறீர்கள். நமக்குள் யார் வீட்டில் அது நடக்கவில்லை?

தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். செவிலி கேட்டாள்: "பிள்ளைக்கு எந்தத் தண்ணிம்மா குடுக்குறீங்க?" "குட்டைத் தண்ணி" என்றாள் சிமாலோய். "குட்டைத் தண்ணியா? அப்போ நான் இன்னிக்குக் காப்பாத்தி அனுப்புவேன், நீங்க மறுபடியும் தூக்கிட்டு வருவீங்க. ஒரு தடவை பிள்ளை இங்க வந்து சேராமலே போயிடும்."

வீட்டுக்கு வந்ததும் சிமாலோய் மறைத்து மறைத்துக் குழாய்த் தண்ணீர் கொடுத்தாள். மாமா பார்த்துவிட்டார். குடத்தைக் கவிழ்த்தார். கோபத்தில் கவிழ்க்கவில்லை, பயத்தில் கவிழ்த்தார். பேத்திக்கு யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று நினைத்தார். அவரும் சந்தேகக்காரர்தானே? என் இனம்.

எனவே நான் ஒரு சந்தேகக்காரி செய்ய வேண்டியதைச் செய்தேன். கியோகோவைப் பிடித்தேன்.

"தண்ணில என்னய்யா கலந்திருக்கே?"

"குளோரின்க்கா. கிருமி சாக."

"மாடு சாகுமா?"

"சாகாதுக்கா."

"மனுசன்?"

"ஐயோ, நல்லதுக்கா."

"நீ குடிப்பியா?"

"குடிப்பேனே."

"அப்போ உன் வண்டில பாட்டில் தண்ணி எதுக்கு?"

தம்பி, தலையைத் தூக்குங்கள், ஊர் உங்களைப் பார்க்கட்டும். அன்று அவரைக் குழாயடியில் நிறுத்தி ஒரு சொம்பு குடிக்க வைத்தேன். பிறகு பொழுது சாயும்வரை என் கடை வாசலிலேயே உட்கார வைத்தேன். டீ கொடுத்தேன், தப்பிப் போகாமல் இருக்க. பொழுது சாய்ந்தது. அவர் சாயவில்லை. பசிக்கிறது என்றார்.

அப்போதும் நான் நம்பினேனா? இல்லை. அடுத்து சேரோவைச் சந்தேகப்பட்டேன். மருந்து கலப்பதற்கு முன் கிணற்றிலிருந்து வருகிற தண்ணீரைத் தொட்டியில் ஊற்றச் சொன்னேன். மேய்ச்சல் முடிந்து வந்த சேரோ மோந்தது. குடித்தது. தொட்டியின் அடி தெரியும்வரை குடித்தது.

கைதட்டாதீர்கள். கைதட்டுவதற்கு இங்கே ஒன்றும் இல்லை. பின்வரிசையில் யாரோ, "அப்போ தண்ணி நல்ல தண்ணிதான், காளையே சொல்லிருச்சு" என்கிறீர்கள். ஐயா, மறுபடியும் காளையா? அதே காளை அன்று சாயங்காலம் குட்டையில் இறங்கி, முன்பக்கம் குடித்துக்கொண்டே பின்பக்கம் சாணி போட்டது. அதே வாய், அதே திருப்தி. மாட்டின் மூக்குக்கு மருந்து வாசம் தெரியும். மழைநாளில் மேட்டுப் புதரிலிருந்து குட்டைக்கு என்ன வழிந்து வருகிறது என்று தெரியுமா? அந்தப் புதருக்குக் காலையில் யார் போகிறார்கள்? நான் போகிறேன், நீங்கள் போகிறீர்கள், ஊரே போகிறது. போனதைத்தான் குடிக்கிறோம். வெட்கம் எனக்கும் உண்டு, ஆனாலும் சொல்கிறேன்.

கழிப்பறை கட்டித் தந்தார்களே என்கிறீர்களா? தந்தார்கள். அதில் இப்போது குடியிருப்பது மாமாவின் கன்றுக்குட்டிகள். ஏன்? நம் வழக்கத்தில் மருமகள் நுழைந்த இடத்தில் மாமனார் நுழைய முடியாது. மருமகளும் மாமனார் கண்ணில் படும்படி அந்தக் கதவைத் திறக்க முடியாது. இந்த மரியாதையை நான் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. தம்பி கியோகோ, இதை முதலிலேயே எங்களைக் கேட்டிருக்க வேண்டும். பெண்களுக்கென்று இன்னொன்று கட்டுங்கள், ஊரின் மறுகோடியில், முதல் கழிப்பறைக்கு முதுகு காட்டி. இல்லையென்றால் கன்றுகளுக்குத்தான் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

பெரியோர்களே, குழாயைச் சந்தேகப்படுங்கள், நான் தடுக்கவில்லை. நாளை இயந்திரம் பழுதானால் யார் வருவார்? சாவி யார் கையில்? வறட்சியில் அடுத்த ஊர்க்காரன் வந்தால் என்ன செய்வோம்? இதற்கெல்லாம் இன்னும் எனக்கு முழுப் பதில் வரவில்லை. வரும்வரை விடமாட்டேன். ஆனால் புதியதை மட்டும் சந்தேகப்படுவது சந்தேகமா? சோம்பல். நம் அப்பன் குடித்தான், நம் ஆத்தா குடித்தாள் என்பதற்காகக் குட்டையைக் கேள்வி கேட்காமல் விட்டோமே, அந்தக் குட்டை நம்மிடமிருந்து வாங்கியது என்ன? நம் பிள்ளைகளை. சந்தேகப்பட்டால் இரண்டையும் சந்தேகப்படுவோம். வாசனையை அல்ல, வயிற்றைப் பார்ப்போம். அறிமுகத்தை அல்ல, ஆபத்தைப் பார்ப்போம்.

சிமாலோய், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே நில். மாமனார் பக்கம் பார்க்க வேண்டாம், என்னைப் பார். கொய்லெல் மாமா, நோயிலிருந்து எழுந்த பிள்ளைக்குப் பெரியவர் வாயில் தண்ணீர் எடுத்துத் தலையில் உமிழ்ந்து வாழ்த்துவது நம் வழக்கம். பேத்திக்கு நீங்கள் இன்னும் செய்யவில்லை. இதோ இரண்டு குவளை. இது குட்டை. இது குழாய். நீங்களே எடுங்கள். இந்தக் கூட்டத்தின் தீர்ப்பும் அதுவாகவே இருக்கட்டும்.

மாமா எழுந்துவிட்டார். குட்டைத் தண்ணீரை எடுக்கிறார். எடுக்கட்டும், யாரும் பேசாதீர்கள். பிள்ளையைப் பார்க்கிறார். குவளையைக் கீழே வைக்கிறார். அவர் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, ஒலிபெருக்கியில் நானே சொல்கிறேன். "என் வாய்க்கு இது பழகிருச்சு. அவ வாய்க்கு வேண்டாம்" என்கிறார்.

குழாய்த் தண்ணீரை வாயில் எடுத்தார். உமிழ்ந்தார். பிள்ளை சிரிக்கிறாள், தாய்மார்களே.

பொறுங்கள், பொறுங்கள். குலவையை நிறுத்துங்கள். மாமா, எங்கே உட்காருகிறீர்கள்? உமிழ்ந்தது பிள்ளைக்கு. குவளையில் பாதி இருக்கிறது. ஒரு சொட்டும் தொண்டைக்குள் போகவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மிச்சத்தை முழுங்குங்க மாமா.

"உன்னை மாதிரி ஒருத்தி இந்த ஊருக்குப் போதும்டி" என்கிறார். போதும் மாமா. முழுங்குங்க.

முழுங்கிவிட்டார்.

தலைவர் அவர்களே, குழாய் இங்கேயே இருக்கும் என்று அறிவியுங்கள். கியோகோ, வண்டியில் ஏற்றியதை இறக்குங்கள். இறக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். இவ்வளவு நேரம் வெயிலில் அமர்ந்து, என்னை நம்பாமலே கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. உங்கள் மாடுகள் நலமாக இருக்கட்டும், உங்கள் பிள்ளைகள் அவற்றைவிட நலமாக இருக்கட்டும். வணக்கம்.