கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்

ஒரு வீட்டில் முதலில் தேய்ந்துபோவது குழாய்க்குள் இருக்கும் வாஷர்தான். விரல்நுனி அளவு ரப்பர். சொட்டத் தொடங்கிய பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு நினைவுக்கு வரும். என் வீட்டில் அதை வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவேன், சொட்டினாலும் சரி, சொட்டாவிட்டாலும் சரி. முப்பத்தோரு வருஷம் பேருந்துப் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவன் நான். வண்டி நடுவழியில் நின்ற பிறகு பழுது பார்ப்பது எங்கள் வழக்கமில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் கொண்டுவந்திருக்கும் புகாரில் 'பராமரிப்பில் அலட்சியம்' என்று இருக்கிறது. மேல்வீட்டுக்காரரின் அண்ணன் எழுதியது. தம்பியைப் பறிகொடுத்தவர், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. மற்றதையெல்லாம் நானே சொல்கிறேன். டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே எழுதுங்கள்.

வாடகைக்கு விடுகிறவன் என்றாலே எல்லாருக்கும் ஒரு எண்ணம் இருக்கிறது. அது தப்பும் இல்லை. எதிர்வீட்டு உரிமையாளருக்கு இந்தத் தெருவில் 'சோதனைச்சாவடி' என்று பெயர். குடியிருப்பவரைப் பார்க்க யார் வந்தாலும் வாசலில் நிறுத்தி, யார் எவர் என்று கேட்டுவிட்டுத்தான் விடுவார். ஆள் இல்லாத நேரத்தில் மாற்றுச்சாவி போட்டுத் திறந்து, சுவரில் ஆணி அடித்திருக்கிறார்களா என்று தடவிப் பார்ப்பார். நான் அந்த ரகமில்லை. ஒப்பந்தத்தில் என் கையாலேயே ஒரு வரி சேர்த்தேன்: குடியிருப்பவர் கூப்பிடாமல் உரிமையாளர் மேல்வீட்டுக்குள் காலடி வைக்க மாட்டார்.

மேல்வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அச்சகத்தில் புத்தகம் தைப்பவர் அவர். விரலிடுக்கில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். அவர் மனைவி மருத்துவமனையில் தாதி. ஒரே மகள், ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்தவள். என் மனைவி போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர்கள் குடிவந்த அன்றுதான் என் தலைக்கு மேலே ஆள் நடக்கிற சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். ஒரு வாரத்தில் எது யாருடைய கால் என்று தெரிந்துபோயிற்று.

முதல் பழுது உண்மையான பழுது. அதை நான் செய்யவில்லை. குளியலறைக் கதவு மழையில் ஊதிப்போய் மூடவில்லை. அச்சகக்காரரின் மனைவி படியில் நின்று, "அங்கிள், கொஞ்சம் வந்து பார்க்கிறீங்களா?" என்று கூப்பிட்டாள். போனேன். இழைப்புளி போட்டுச் சீவி, மாட்டினேன். கால் மணி நேர வேலை. ஆனால் உட்காரச் சொன்னார்கள். டீ கொடுத்தார்கள். குழந்தை பல் விழுந்த கதையைச் சொன்னாள். தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து, வீட்டு உரிமையாளர்கள் நல்லவர்களா குடியிருப்பவர்கள் நல்லவர்களா என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அச்சகக்காரர் திரையைப் பார்த்து, "எங்க ஓனரை ஒரு தடவை வந்து பாருங்கய்யா, அப்புறம் பேசுங்க," என்றார். நான் இறங்கி வரும்போது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

அதன்பிறகு மூன்று வாரம் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட என்ன இருக்கிறது? நான் கட்டிய வீடு, ஒரு திருகாணிகூடத் தளராது. படியில் பார்த்தால் சிரிப்பார்கள், நல்லா இருக்கீங்களா என்பார்கள், போய்விடுவார்கள். அவர்களுக்கு வேலை இருக்கிறது, குறை சொல்ல முடியாது. நான் கீழே உட்கார்ந்து காலடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சும்மா போய்க் கதவைத் தட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் சோதனைச்சாவடி செய்கிறார்.

அடுத்த தடவை ஒரு தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடக் கூப்பிட்டார்கள். விட்டேன். வரும் முன் சமையலறை அலமாரியின் கீலில் ஒரு திருகாணியை அரைச் சுற்று தளர்த்திவிட்டு வந்தேன். பத்தாம் நாள் கதவு தொங்கியது, கூப்பிட்டார்கள். அதைச் சரிசெய்யும்போதே அடுத்ததற்கு வழி செய்தேன். இப்படியே இரண்டு வருஷம். எல்லாம் சில்லறைப் பழுதுகள், யாருக்கும் கீறல்கூட விழாதவை. குழந்தை எனக்கு 'டக்டக் தாத்தா' என்று பெயர் வைத்தாள். அச்சகக்காரர், "அங்கிள், இந்த வீட்டுல கெட்டுப்போகாத ஒரே பொருள் நீங்கதான்," என்று கேலி செய்வார். நானும் சிரிப்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. என் மனைவி இருந்தபோதுகூட இல்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

படிக்கு வருகிறேன். வெளிப்பக்கம் இரும்புப் படி, நீங்களே பார்த்தீர்கள். உச்சியில் அவர்கள் வாசலுக்கு முன்னால் சின்ன மேடை. அதைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பி, அடியில் நான்கு போல்ட்டு. ஒரு புதன்கிழமை வாசல் மணியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பார்த்துவிட்டு, கீழே குனிந்து ஸ்பேனரை எடுக்கிற சாக்கில் இரண்டு நட்டுகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மற்ற இரண்டையும் தளர்த்தினேன். தொட்டால் ஆடும், ஆடினால் கூப்பிடுவார்கள். வேறு நினைப்பு எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை கணவனும் மனைவியுமாகக் கீழே வந்தார்கள். என் வீட்டுக்குள் அவர்கள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வீடு மாறப்போவதாகச் சொன்னார்கள். ஏன் என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"உங்க மேல ஒரு குறையும் இல்ல அங்கிள். ஆனா வீட்டுல ஏதாவது ஒண்ணு கெட்டுப்போயிட்டே இருக்கு. இந்த வயசுல உங்களை வாரா வாரம் படியேத்தி இறக்குறது எங்களுக்கே மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

"எனக்கென்னம்மா கஷ்டம்," என்றேன்.

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க," என்றாள்.

நான்தான் செய்தேன், இனி செய்ய மாட்டேன், இருங்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் மேலே கம்பி ஆடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு ஒரு தைரியம் தந்தது. அதற்காகக் கூப்பிடுவார்கள், போவேன், உட்காரச் சொல்வார்கள், டீ கொடுப்பார்கள். அந்த நேரத்தில் போகாதீர்கள் என்று கேட்டுவிடலாம். மேலே உட்கார்ந்திருக்கும்போது எனக்கு நன்றாகப் பேச வரும்.

பதினாறு நாள் காத்திருந்தேன். அவர்கள் துண்டு உலர்த்தும்போதெல்லாம் கம்பி கிணுகிணுக்கும். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன். கூப்பிடவே இல்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, நீலக் கொடிக்கயிற்றால் கம்பியைத் தூணோடு கட்டியிருப்பதைக் கீழிருந்து பார்த்தேன். பணிமனையில் இருந்தவனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆடுகிற இரும்பில் மிச்சமுள்ள நட்டும் தானாக இறங்கும். நாலு எட்டில் ஏறிப்போய் இரண்டு நிமிஷத்தில் முடுக்கியிருக்கலாம். கூப்பிடாமல் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவன் நான். அந்த வரிக்குக் கட்டுப்பட்டேன்.

காலி செய்த நாள் ஞாயிறு, பகல் பதினோரு மணி. சுமை தூக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் படியின் அடியில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு பை நிறையச் செருப்புகளை வைத்திருந்தாள். இரும்பு பீரோவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அச்சகக்காரர் பின்பக்கமாக வாசலைத் தாண்டி வந்தார். கை வழுக்கியது போலிருக்கிறது, பிடியை மாற்ற முதுகைக் கம்பியில் சாய்க்கப் போனார்.

அந்த நேரத்தில் என்னால் எவ்வளவோ சொல்லியிருக்க முடியும். "பார்த்து," என்றேன். சாமான் இறக்கும்போது யாரும் சொல்கிற வார்த்தை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சரி அங்கிள்," என்றார். பிறகு சாய்ந்தார்.

கயிறு முதலில் அறுந்தது. குழந்தையின் முகத்தை என் சட்டைக்குள் திருப்பிக்கொண்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று வந்த காவலரிடம் 'துரு' என்று சொன்னது நான்தான். என் இரும்பைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அது. வருஷா வருஷம் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற கம்பி, அதில் எங்கிருந்து துரு வரும்? அதைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணன் 'அலட்சியம்' என்கிறார். அந்த வீட்டில் எந்த நட்டு எத்தனை சுற்று இறுகியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் ஐயா. இதோ, அந்த இரண்டும். மாத்திரை டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தேன். திரும்ப மாட்ட வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அந்தப் பெண் இங்கே வந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். "கம்பி ஆடுதுன்னு அவருக்குத் தெரியும். சொல்லலாம்னு நான் சொன்னேன். போற நேரத்துல உங்களைப் படியேத்த வேண்டாம்னு சொல்லிட்டாரு," என்றாள். நானும் அழுதேன். அதில் நடிப்பு எதுவும் இல்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

இறக்கிய சாமான்களெல்லாம் மறுபடியும் மேலே ஏறின. தனியாளாக அவள் எங்கே வீடு தேடுவாள்? எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு என்றேன். இப்போது அங்கிள் என்று கூப்பிடுவதில்லை, அப்பா என்கிறாள். அண்ணன் புகார் கொடுத்ததற்கு அவரோடு சண்டை போட்டிருக்கிறாள். நீங்கள் மேலே போய் விசாரித்தாலும் என்னைப்போல ஒரு ஓனர் கிடைக்கமாட்டார் என்றுதான் சொல்வாள். தலைக்கு மேலே இப்போது இரண்டு பேருடைய கால்தான் கேட்கிறது. மூன்றாவது சத்தத்துக்காகக் காது தன்னால் காத்திருக்கிறது. அது எனக்குத் தண்டனைதான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். புறப்படும் முன் கால் மணி நேரம் கொடுத்தீர்களானால் மேலே ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடுவேன். சமையலறைக் குழாய் சொட்டுகிறதென்று காலையில் அவள் கூப்பிட்டாள். போன திங்கட்கிழமை அந்த வாஷரை நான்தான் மாற்றினேன், பழையதாகப் பார்த்துப் போட்டேன். குழாய்தானே ஐயா, இதில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.